வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே

சென்ற பொங்கல் விழாவுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாலை, நமது காலனி மண்டபத்தில் கோலாட்ட ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பெண் குழந்தைகள் பதினாறு பேர் வட்டமிட்டு ஆடிக்கொண்டிருந்தனர். தாய்மார்கள் சுவரோரமாக அமர்ந்திருந்தனர். ஏறத்தாழ ஒரே நொடியில் அவர்களுடைய கைப்பேசிகள் பலவும் ஒலித்தன. அரையாண்டுப் பரீட்சையின் மதிப்பெண்களைப் பள்ளி அனுப்பியிருந்தது. பாட்டு நின்றது, கோல்கள் நின்றன. குழந்தைகள் நின்ற இடத்திலேயே நின்று தத்தம் தாயின் முகத்தைப் பார்த்தனர். அவர்களுள் எட்டாம் வகுப்பில் பயிலும் என் மகளும் ஒருத்தி. கணக்கில் தான் பெற்ற மதிப்பெண் இன்னதென்று அவள் அறியுமுன் அவள் தாய் அறிந்துவிட்டாள். தாயின் நெற்றி சுருங்கியதைக் கண்டே மகள் செய்தி தெரிந்துகொண்டாள். அன்று ஒத்திகை மீண்டும் தொடங்கவில்லை.

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று குழுவினர் கேட்டபோது இந்நிகழ்ச்சிதான் என் நினைவுக்கு வந்தது. நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ரயில்வே அலுவலகத்தில் பேரேடுகளோடு காலம் கழிப்பவன். ஆயினும் பழைய செய்திகளைத் தேடிப் படிப்பதில் எனக்கு ஆர்வம் உண்டு. பள்ளியில் நடப்பது வீட்டுக்கு எவ்வழியாகத் தெரிந்தது, வீட்டார் சொல்ல விரும்பியது பள்ளிக்கு எவ்வழியாகச் சென்றது, நடுவில் நின்ற பிள்ளையின் நிலை யாது என்று ஓராண்டாகப் பார்த்து வந்தேன். கண்டவற்றை அன்பர்கள் முன் வைக்கிறேன்.

நம் பாட்டனார்களின் பாட்டனார்கள் பயின்ற திண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குவோம். அங்கே செய்தி அனுப்பும் சாதனம் எதுவும் இல்லை. அதற்குத் தேவையும் இல்லை. உபாத்தியாயர் அதே தெருவில் குடியிருந்தார். பிள்ளைகள் உரத்த குரலில் முறை சொல்வது நான்கு வீடு தள்ளியும் கேட்கும். எவன் எண்சுவடியில் தடுக்கி நிற்கிறான் என்பதை அடுப்படியிலிருந்தே தாய் அறிவாள். உபாத்தியாயருக்குச் சம்பளம் நெல்லாகவும் சிறு காசாகவும் வந்தது. பண்டிகை நாட்களில் வீட்டுக்கு வீடு ஏதேனும் கொடுத்தனர். நவராத்திரி வந்தால் பிள்ளைகள் உபாத்தியாயரோடு வீடு வீடாகச் சென்று கோலடித்துப் பாடுவர். வீட்டார் தரும் பணம் உபாத்தியாயரைச் சேரும். இன்று நம் குழந்தைகள் மண்டபத்தில் ஆடும் கோலாட்டம் அன்று பள்ளிக்கூடத்து வருமானமாக இருந்தது என்பதை எண்ணும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது.

மணலில் விரலால் எழுதிப் பழகிய பின்னரே பிள்ளையின் கைக்கு ஓலை வந்தது. பனையோலையை வாரிச் சுவடியாக்கி, எழுத்தாணியால் எழுதி, மை தடவிக் கொடுத்தனர். ஒருவன் படித்த ஆத்திசூடிச் சுவடியை அவன் தம்பியும் படிப்பான். தம்பி மகனும் படிக்கக்கூடும். பாடநூல் வீட்டுச் சொத்தாக இருந்தது. ஆதலால் பிள்ளைக்கு இன்று என்ன பாடம் என்று தந்தை கேட்கவேண்டிய அவசியமே இல்லை; தாம் படித்த பாடமே அவனுக்கும்.

இப்பள்ளிகள் எத்தனை இருந்தன என்பதற்கு நம்மிடம் நல்ல சான்று உண்டு. சென்னை மாகாணக் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ 1822-இல் ஜில்லாக் கலெக்டர்கள் அனைவரிடமும் கணக்குக் கேட்டார். 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி, ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சத்துச் சொச்சம் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். சென்னை நகரில் பள்ளிக்குச் சென்று பயின்றோரைவிட வீட்டிலேயே பயின்றோர் பன்மடங்கு என்று கலெக்டர் எழுதினார். மன்றோவுக்கே அந்த எண்ணில் ஐயம் இருந்தது. ஆனால் இக்கணக்கைக் கண்டு பெருமை கொள்வோர் மற்றொன்றையும் காண வேண்டும். அம்மாணவருள் பெண்கள் மிகச் சிலரே. சேரியில் பிறந்த பிள்ளைக்கு அத்திண்ணையில் இடமில்லை. தெருவெல்லாம் கேட்ட அந்தக் குரலில் சேராத குரல்கள் பல. பிரம்பும் கோதண்டமும் வேறு இருந்தன. கயிற்றில் பிள்ளையைத் தொங்கவிடும் தண்டனைக்குத்தான் கோதண்டம் என்று பெயர். அதைப் பெற்றோர் அறிவர், தடுத்தார் அரிது.

இத்திண்ணையிலிருந்து ஒரு செய்தி கடல் கடந்து சென்றது. எழும்பூரில் இருந்த ஆண் அநாதை விடுதியின் பள்ளிக்கு 1789 முதல் 1796 வரை மேற்பார்வையாளராக இருந்தவர் டாக்டர் ஆண்ட்ரூ பெல். ஆசிரியர் பற்றாக்குறையால் அவர் தவித்தபோது, நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டார். அதையே தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையையும் வகுத்தார். நம் ஊர்ச் சட்டாம்பிள்ளையை அறிந்தவர்களுக்கு இது புதுமையன்று. பெல் 1797-இல் லண்டனில் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். அது சென்னை முறை என்றே பெயர் பெற்றது. அடுத்த ஆண்டு ஜோசப் லங்காஸ்டர் என்பவர் அதையொத்த முறையில் லண்டனில் பள்ளி தொடங்கினார். ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகள், ஒரே ஓர் ஆசிரியர், வரிசைக்கு ஒரு சட்டாம்பிள்ளை, கையில் கற்பலகை. தெருவில் இருந்த பள்ளி அங்கே கூடமாயிற்று. கூடம் பெருகியதும் பெற்றோர் வெளியே நின்றனர்.

கற்பலகையைப் பற்றி ஒரு சொல். மலிவானது, நீடித்து உழைப்பது, ஏழைக்கு ஏற்றது. ஆனால் அதில் எழுதியது மாலைக்குள் அழிந்துபோகும். ஓலையில் தவறு எழுதினால் தவறு நிற்கும்; பலகையில் எச்சில் தொட்டுத் துடைத்தால் போயிற்று. மாலையில் வீடு திரும்பும் பிள்ளையின் பலகை வெறுமையாக இருந்தால், அவன் என்ன கற்றான் என்று அறிய வழியில்லை; அவன் வாய்ச் சொல்லே சாட்சி. பிள்ளைகளுக்குக் கிடைத்த முதல் சுதந்திரம் அதுவென்றே நான் கருதுகிறேன். பின்னர்க் காகிதம் மலிந்து நோட்டுப் புத்தகம் வந்தபோது அச்சுதந்திரம் பறிபோயிற்று. சிவப்பு மையில் ஆசிரியர் இட்ட குறி வீட்டுக்கு வந்தது.

அச்சு நம் நாட்டுக்குப் புதிதன்று. 1578-இல் கொல்லத்தில் தமிழ் நூல் அச்சாயிற்று. சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சில ஆண்டுகளில் அங்கும் அச்சகம் எழுந்தது. ஆயினும் 1835-இல் மெட்காஃப் பத்திரிகைத் தடைகளை நீக்கிய பின்னரே நம்மவர் அச்சுத் தொழிலில் தாராளமாக இறங்கினர். யாழ்ப்பாணத்தில் 1848-இல் பள்ளியும் 1849-இல் அச்சகமும் நிறுவிய ஆறுமுக நாவலர், வகுப்புக்கு வகுப்பு ஏறும் முறையில் பாலபாடங்கள் இயற்றினார். சிதம்பரத்தில் 1864-இல் பள்ளி கண்டார். இதுபோன்ற அச்சுப் பாடநூல் கைக்கு வந்ததும், தந்தை படித்தது வேறு, மகன் படிப்பது வேறு என்றாயிற்று. பாட்டனாருக்கு நெல்லிலக்கமும் குழிமாற்றும் தலைகீழாகத் தெரியும். பேரன் கொண்டுவந்த கணக்குப் புத்தகம் தெரியாது. அன்று முதல் வீட்டிலுள்ள பெரியவர் பள்ளிக்கு அந்நியரானார்.

அதே காலத்தில் சர்க்காரும் நடுவே வந்தது. சார்லஸ் வுட்டின் 1854-ஆம் ஆண்டு அறிக்கையை ஒட்டி மாகாணந்தோறும் கல்வித் துறை ஏற்பட்டது. மானியம் வேண்டிய பள்ளி வருகைப் பதிவேடு வைக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். நாள்தோறும் பெயர் கூப்பிட்டு, வந்தவனுக்கும் வராதவனுக்கும் குறியிடும் அந்தப் பதிவேட்டை எளிய பொருளாக எண்ணிவிடலாகாது. அதற்குமுன் பிள்ளை வரவில்லையென்றால் உபாத்தியாயர் சட்டாம்பிள்ளையை அனுப்பி வீட்டிலிருந்து இழுத்து வரச் செய்வார். இப்போது அவன் வராதது ஏட்டில் ஏறி, துரை அலுவலகத்துக்குப் போகும். பேரேடு எழுதிப் பிழைக்கும் என்னைப் போன்றவனுக்கு அதன் வலிமை நன்றாகத் தெரியும். ஏட்டில் ஏறியதை அழிப்பது எளிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இன்ஸ்பெக்டர் நடத்தும் பரீட்சையில் தேறிய மாணவர் தொகைக்கேற்ப மானியம் அளிக்கும் வழக்கமும் சென்னை மாகாணத்தில் இருந்தது. அப்போது ஆசிரியரின் பிழைப்பு பிள்ளையின் வாயில் தொங்கிற்று. தெருவாரின் நெல்லுக்குப் பதில் சர்க்காரின் ரூபாய் வந்ததால், ஆசிரியர் தெருவுக்கு விடை சொல்வதை விட்டுத் துறைக்கு விடை சொல்லத் தொடங்கினார்.

இனி நம் ரயில்வே செய்த தொண்டைச் சொல்லாமல் மேலே செல்ல என் மனம் இடந்தராது. 1853 ஏப்ரல் 16-இல் பம்பாயிலிருந்து தாணாவுக்கும், 1856 ஜூலை 1-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையும் வண்டிகள் ஓடின. வண்டி ஓட வேண்டுமானால் கடிகாரம் ஒன்றாக இருக்க வேண்டும். ஊருக்கு ஊர் வேறு நேரம் வழங்கிய நாட்டில், ரயில்வேக்கள் சென்னை நேரத்தைப் பொது நேரமாகக் கொண்டன. 1906 ஜனவரி 1 முதல் இந்தியா முழுமைக்குமான நேரம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை விடியலும் வெயிலும் பார்த்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய தாய், மணி பார்த்து அனுப்பவேண்டியவள் ஆனாள். பல ஊர்ப் பள்ளிகளில் மணியாகத் தொங்கியது என்ன? தண்டவாளத் துண்டுதான். இரும்புக் கம்பியால் அதைத் தட்டினால் வயற்புறம் வரை கேட்கும். எங்கள் ஊர்ப் பள்ளியில் தொங்கிய துண்டில் ஆலையின் முத்திரை எழுத்துகள் இருந்தன. அவற்றைத் தடவித் தடவியே நான் ஆங்கில எழுத்துகளை முதலில் அறிந்தேன்.

ரயில் பெற்றோரையும் பிள்ளைகளையும் பிரித்தது. வேலை ஓரிடம், பிள்ளையின் படிப்பு ஓரிடம். அதை இணைத்தது தபால். காலணா விலையில் தபால் கார்டு 1879-இல் வந்தது. மணியார்டர் 1880-இல் வந்தது. நாடு விடுதலை பெற்ற பின், 1950 அக்டோபர் 2-இல் உள்நாட்டுக் கடிதத் தாள் வெளியாயிற்று. இம்மூன்றும் இல்லையேல் நம் காலனிக் குடும்பங்களில் பாதிக்கு மேல் இவ்வூருக்கு வந்தே இருக்கமாட்டா. இடமாற்றத்துக்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகளுக்கென 1963-இல், படைப்பிரிவுப் பள்ளிகள் இருபதைக் கொண்டு மத்தியப் பள்ளிகள் தொடங்கின. கேந்திரீய வித்யாலயம் என்று நாம் இன்று அழைப்பது அதனையே. ஆனால் அப்பள்ளிகள் எல்லா ஊர்களிலும் உடனே எழவில்லை. எழுந்த ஊரிலும் எல்லோருக்கும் இடம் கிட்டவில்லை. ஆதலால் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவருவது நெடுநாள் வழக்கமாக இருந்தது.

நானும் அவ்வாறு விடப்பட்டவனே. என் தந்தையார் வடக்கே ரயில்வேயில் கலாசி. தாயாரும் தங்கையும் அவரோடு இருந்தனர். நான் தஞ்சை ஜில்லாவில் அப்பாயியோடு இருந்தேன். நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது, கணக்கில் பின்தங்கியிருக்கிறேன் என்று எங்கள் தலைமையாசிரியர் தந்தையாருக்குக் கார்டு எழுதினார். கார்டு திறந்த ஓலை; எவரும் படிக்கலாம். தந்தையாருக்குத் தமிழ் தட்டித் தடுமாறித்தான் வரும். அடுத்த குவார்ட்டர்ஸ் நண்பர் அதை வாசலில் நின்று உரக்கப் படித்துக் காட்டினாராம். தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த வரிசை முழுவதும் என் கணக்குப் புலமையை அறிந்துகொண்டது. ஆயிரம் மைலுக்கு இப்பால் இருந்த எனக்கு அது தெரியாது.

கார்டு போய்ச் சேர ஐந்து நாள். அந்த நண்பரின் கையாலேயே தந்தையார் எழுதுவித்த உள்நாட்டுக் கடிதம் வந்துசேர ஆறு நாள். கடிதம் அப்பாயியின் பெயருக்கு வந்தது. அப்பாயிக்கோ எழுத்து வாசனை இல்லை. வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. என்மீது சாட்டிய குற்றப்பத்திரிகையை நானே உரக்கப் படிக்கவேண்டியவன் ஆனேன். பாதி வரை ஒழுங்காகப் படித்தேன். கணக்கு வந்த இரண்டு வரியைத் தாண்டி, "தங்கச்சி நலம்" என்பதற்குச் சென்றேன். அப்பாயி வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும், "இவ்வளவு பெரிய கடுதாசியில ஒன் படிப்பப் பத்தி ஒண்ணுமே எழுதலையாடா உங்கப்பன்?" என்றாள். நான் வாய் திறக்கவில்லை. அவளும் மேலே கேட்கவில்லை. அடுத்த நாள் முதல் அந்தியில் விளக்கருகே என்னை உட்காரவைத்து, வாய்ப்பாடு சொல்லச் சொல்லிக் கேட்டாள். சரியா தவறா என்று அவளுக்குத் தெரியாது. நான் தயங்கினால் மட்டும், "திரும்பச் சொல்லு" என்பாள். அந்தப் பதினொரு நாள் தாமதத்தில் காலாண்டுப் பரீட்சையும் முடிந்து, நான் ஒருவாறு தேறியிருந்தேன்.

மதிப்பெண் அட்டையின் கதையும் இதுவே. மாதாந்தரம் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று பள்ளி கேட்டது. பல வீடுகளில் தந்தைக்குக் கைநாட்டுத்தான். சில பள்ளிகளின் அட்டை ஆங்கிலத்தில் இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளையே விளக்கி, பிள்ளையே விரலில் மை தடவி, பிள்ளையே கொண்டுபோய்க் கொடுத்தான். பள்ளியும் வீடும் பேசிக்கொண்டதாக ஏட்டில் பதிவாயிற்று. பேசியது நடுவில் இருந்தவன் ஒருவனே. கையெழுத்தைத் தாமே போட்டுக்கொண்ட வீரர்களும் இருந்தனர். அவர்களுள் சிலர் இம்மலரை இப்போது கையில் வைத்திருக்கக்கூடும், பெயர் சொல்லமாட்டேன்.

வானொலியும் தொலைக்காட்சியும் வேறு வழியில் வந்தன. சென்னை மாநகராட்சி 1930-இல் ஒலிபரப்பை மேற்கொண்டபோதே தன் பள்ளிப் பிள்ளைகளுக்கென மாலையில் இசைப் பாடமும் கதையும் ஒலிபரப்பியது. தில்லியில் 1959-இல் சோதனையாகத் தொடங்கிய தொலைக்காட்சி, 1961 முதல் உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பாடம் நடத்தியது. இவற்றில் எல்லாம் எனக்கு மிகவும் பிடித்தது 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை நடந்த செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை. அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 என்னும் கோளை ஓராண்டுக்கு வாங்கி, ஆந்திரம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சி அனுப்பினர். கோழிவலை போன்ற கம்பிவலையால் ஆன பத்தடிக் குடை ஒன்று கூரையருகே நிற்கும். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி. மாலையில் ஊராருக்கு நிகழ்ச்சி. பல ஊர்களில் பெட்டி இருந்தது பள்ளிக்கூடத்தில்தான். அதனால் பள்ளியின் வாசலை மிதித்தறியாத தாயும் தந்தையும் மாலையில் வந்து, காலையில் தம் பிள்ளை அமர்ந்த தரையிலேயே அமர்ந்தனர். ஓராண்டு முடிந்ததும் கோள் திரும்பப் போயிற்று. நமக்கே உரிய கல்விக்கோள், எடுசாட், 2004 செப்டம்பர் 20-இல்தான் ஏவப்பட்டது. அதற்குள் வீட்டுக்கு வீடு பெட்டி வந்துவிட்டது. தரையில் ஒன்றாக அமரும் தேவை நீங்கிற்று.

பள்ளிகளில் கணிப்பொறியைப் புகுத்தும் மத்திய அரசின் திட்டம் 1984-இல் தொடங்கியது. அது பெற்றோரைத் தொடவே இல்லை. பூட்டிய அறையில் துணி போர்த்தி வைத்திருந்த பெட்டியை விடுத்து மேலே செல்கிறேன்.

நாட்டில் முதல் கைப்பேசிப் பேச்சு 1995 ஜூலை 31-இல் நிகழ்ந்தது. கைப்பேசி மலிந்ததும் பள்ளிகள் குறுஞ்செய்தி அனுப்பத் தொடங்கின. அதன்பின் வாட்ஸ்அப் குழுக்கள் வந்தன. பிள்ளை வகுப்புக்கு வராத செய்தி அரைமணியில் தந்தையின் சட்டைப்பைக்கு வந்தது. இதனால் நன்மை இல்லையென்று நான் சொல்லேன். பேருந்து தாமதமானால் தாய் தவிக்கவேண்டியதில்லை. பிரம்படியும் மனத்தைப் புண்படுத்துவதும் கூடாதென 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் விதித்தது. விதி மீறப்படின் வெளியே சொல்லக் கையில் ஒரு கருவி இருக்கிறது. கோதண்டக் காலத்துப் பெற்றோருக்கு அது இல்லை. அதே சட்டம், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும் காப்பாளராகவும் இருக்கவேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்று சொல்கிறது. அக்குழுவில் போய் அமர்வதைவிட வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் படம் அனுப்புவது நமக்கு எளிதாகிவிட்டது. இதை நான் என்னைப் பற்றியே சொல்கிறேன்.

2020 மார்ச்சு மாதத்தில் கொள்ளைநோய்க்காகப் பள்ளிகள் அடைபட்டன. அப்போது வீடே பள்ளியாயிற்று; கைப்பேசியே வாசலாயிற்று. மத்திய அரசின் தீக்ஷா என்னும் தளம் 2017 முதலே இருந்தது. தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி 2019-இல் தொடங்கியிருந்தது. கேரளத்தில் 2020 ஜூன் 1 முதல் விக்டர்ஸ் அலைவரிசை வழியே பாடம் நடந்தது. கிராமப்புறங்களில் ஆண்டுதோறும் கல்வி நிலையை ஆராயும் அசர் அறிக்கைகளின்படி, பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளில் திறன்பேசி இருந்தவை 2018-இல் நூற்றுக்கு 36.5, 2020-இல் 61.8, 2021-இல் 67.6. ஆனால் 2021-இல் பேசி இருந்த வீடுகளிலும் நூற்றுக்கு 26 பிள்ளைகளுக்கு அது கைக்கு எட்டவில்லை. காரணம் நமக்குத் தெரியாததன்று. பேசி ஒன்று, அதை வைத்திருக்கும் தந்தை வேலைக்குச் செல்பவர். சரக்கு வண்டிகள் அடைப்புக் காலத்திலும் ஓடின; நாங்களும் முறைவைத்து அலுவலகம் சென்றோம். என் மகள் அப்போது கீழ் வகுப்பில் இருந்தாள். காலை பத்து மணிக்கு நடந்த பாடத்தை, நான் வீடு திரும்பிக் கைகால் கழுவிய பின், இரவு ஒன்பது மணிக்கு அவள் பார்ப்பாள். ஆசிரியை அதில், "எல்லோருக்கும் கேட்கிறதா?" என்று கேட்பார், இவள் இரவில், "கேட்கிறது மிஸ்" என்று விடை சொல்வாள்.

பள்ளிகள் திறந்தன, கருவி வீட்டிலேயே தங்கிற்று. இன்று எங்கள் பிள்ளைகளின் பள்ளியிலிருந்து வரும் செய்திகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கின்றன. மதிப்பெண்ணின் எண்ணை என் மனைவி படித்துவிடுவாள். எழுத்தைப் படிக்க மகள் வேண்டும். கைப்பேசியே மொழிபெயர்த்துத் தருகிறது என்பீர்கள். தருகிறது; அந்தத் தமிழை விளங்கிக்கொள்ள மீண்டும் மகளையே அழைக்கவேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு ஒருநாள் நீண்ட செய்தி ஒன்றை அவள் தாய்க்குப் படித்துச் சொன்னாள். கட்டணம், சீருடை, சுற்றுலா என்று எல்லாம் சொல்லி முடித்தாள். "இவ்வளவு நீளமா இருக்கு, உன் படிப்பப் பத்தி ஒண்ணுமே இல்லையா?" என்றாள் என் மனைவி. நான் பக்கத்து அறையில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அப்பாயி இறந்து இருபது ஆண்டாகிறது. என் மனைவி அவளைப் பார்த்ததுகூட இல்லை.

ஆகவே நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பு நடக்கும் நேரத்தில், தாய்மார்களுக்குப் பள்ளிச் செய்திகளைப் படித்து விளக்க ஒருவர் அமரலாம் என்று நான் பொதுக்குழுவில் சொன்னேன். ஏற்றுக்கொண்டார்கள். இவ்வாண்டு முதல் மூன்று அன்பர்கள் முறைவைத்து அமர்கிறார்கள். இதுவரை வந்தவர் ஏழெட்டுப் பேர். ஆண்பிள்ளைகளின் தாய்மார்கள் வரத் தயங்குகிறார்கள், ஏனென்று தெரியவில்லை.

மற்றொன்றும் பார்க்கவேண்டியதாகும். மாணவர் ஒவ்வொருவருக்கும் வாழ்நாள் முழுவதற்கும் ஒரே கல்வி எண் வழங்கும் அபார் என்னும் திட்டம் 2023-இல் அறிவிக்கப்பட்டது. அதற்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், காகிதம் வீட்டுக்கு வருகிறது, நாம் கையெழுத்திடுகிறோம். பிள்ளைகளைப் பற்றிய தகவலைக் கையாளுமுன் பெற்றோரின் இசைவைச் சரிபார்த்துப் பெறவேண்டும் என்று அதே 2023-ஆம் ஆண்டில் நிறைவேறிய தகவல் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. வருகைப் பதிவேடு பள்ளி அலமாரியில் இருந்தவரை கரையான் ஒன்றே அதைப் படித்தது. இப்போது ஏழாம் வகுப்புக் கணக்கு மதிப்பெண் எங்கெங்கு தங்கும் என்று சொல்ல வல்லார் நம்மிடை யார்? படிக்காமல் கையெழுத்திடுவது கைநாட்டைவிட எவ்வகையில் மேல் என்று எனக்கு விளங்கவில்லை.

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது தந்தையாரின் தகரப் பெட்டியைத் திறந்தோம். பணிப்புத்தகம், பாஸ் நகல்கள் ஆகியவற்றுக்கு அடியில், தலைமையாசிரியர் எழுதிய அந்தக் கார்டு இருந்தது. மை பழுப்பேறியிருந்தது. என் மகள் அதை எடுத்துப் படித்தாள். தமிழ் வகுப்புக்குப் போவதால் படிக்கத் தெரிகிறது. படித்துவிட்டு நெடுநேரம் சிரித்தாள். "உங்களுக்கும் கணக்கு வராதாப்பா?" என்றாள். பிறகு, "இது வந்தப்ப தாத்தா உங்களை அடிச்சாங்களா?" என்று கேட்டாள். தாத்தா ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தார் என்றேன். "அது நல்லா இருக்கே," என்றாள்.

அன்று ரயிலில் திரும்பும்போது நாங்கள் இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். பள்ளியிலிருந்து மதிப்பெண் வந்தால், அவள் வீட்டுக்கு வந்து தானே சொல்லும்வரை நானும் அவள் தாயும் அதைத் திறப்பதில்லை. என் மனைவி முதலில் இசையவில்லை. பின்னர் ஒரு மாதம் பார்க்கலாம் என்றாள். ஆகஸ்டு மாதத்தில், நான் அலுவலகத்தில் இருந்தபோது கைப்பேசி ஒலித்தது. அதை எடுத்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துவிட்டுப் பேரேட்டைப் பார்த்தேன். அன்று பிற்பகல் கூட்டிய கூட்டல் மூன்று முறை பிழைத்தது. ஐந்தரை மணிக்கு வீட்டுக்குச் சென்றபோது அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். "கணக்கு ஐம்பத்தெட்டு, அறிவியல் எழுபத்தொன்று," என்றாள். பிறகுதான் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தேன்.